ஓர் அறையில் ஐந்து வகுப்புகள்: பல்வகுப்புக் கற்பித்தலின் வரலாறும் நடைமுறையும்

1. பொருளும் அளவும்

வெவ்வேறு வகுப்புகளைச் சேர்ந்த, வெவ்வேறு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரே அறையில் ஒரே ஆசிரியர் பாடம் சொல்வதை ஆசிரியர் பயிற்சி நூல்கள் ‘பல்வகுப்புக் கற்பித்தல்’ என்கின்றன. ஊர் வழக்கில் இது நடக்கும் இடத்துக்கு ‘ஓராசிரியர் பள்ளி’ அல்லது ‘ஈராசிரியர் பள்ளி’ என்று பெயர். ஆள் பற்றாக்குறையால் நேர்ந்த தற்காலிக ஏற்பாடு என்றே பலரும் இதை எண்ணுகின்றனர். சட்டத்தின் கணக்கைப் பார்த்தால் வேறு முடிவு கிடைக்கும்.

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரையுள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூவர், 91 முதல் 120 வரை நால்வர், 121 முதல் 200 வரை ஐவர் என்று வரையறுக்கிறது. வகுப்புக்கு ஓர் ஆசிரியர் கிடைக்க வேண்டுமானால் பள்ளியில் குறைந்தது 121 பிள்ளைகள் படிக்க வேண்டும். அச்சட்டத்தை ஒட்டி மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகளோ, தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டர் நடைதூரத்துக்குள் இருக்க வேண்டும் என்கின்றன. வீட்டருகே பள்ளி வைத்தால் பள்ளி சிறியதாகத்தான் அமையும். பள்ளி சிறியதானால் ஆசிரியர் இருவரே. ஆகவே, சிற்றூரிலும் மலைக் கிராமத்திலும் இரண்டு மூன்று வகுப்புகள் ஓர் அறையில் அமர்வது விதிவிலக்கன்று. விதியின் நேரடி விளைவே அது.

இப்பொருளில் மூன்று சொற்களைப் பிரித்தறிய வேண்டும். பல வகுப்பு என்பது வருகைப் பதிவேட்டைப் பொறுத்தது. பல வயது என்பது பிள்ளைகளின் வளர்ச்சியைப் பொறுத்தது. பல நிலை என்பது யார் எதுவரை கற்றிருக்கிறார் என்பதைப் பொறுத்தது. முதலிரண்டும் இல்லாத பள்ளி உண்டு. மூன்றாவது இல்லாத பள்ளி கிடையாது. இந்தியச் சிற்றூர்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கே இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாகப் படிக்க வருகிறது என்று பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் அசர் (ASER) ஆய்வின் 2018-ஆம் ஆண்டு அறிக்கை காட்டியது. ஒரே வயதினர் அமர்ந்த அறையும் உள்ளே பல நிலை அறைதான். அதனால் பல்வகுப்புக் கற்பித்தலின் உத்திகள் சிறிய பள்ளிக்கு மட்டும் உரியவை ஆகா.

2. திண்ணைப் பள்ளியின் ஒழுங்கு

வகுப்பு என்ற பிரிவே இல்லாமல் பல வயதுப் பிள்ளைகளைச் சேர்த்துப் படிக்கவைத்த அமைப்பு தமிழகத்தில் நெடுங்காலம் இருந்தது. திண்ணைப் பள்ளியில் விஜயதசமியன்று ஏடு தொடங்குவது வழக்கம் என்றாலும், எந்த மாதமும் பிள்ளை சேரலாம். ஐந்து வயதுச் சிறுவன் மணலில் விரலால் அரிச்சுவடி எழுதுவான். அவனுக்குப் பக்கத்தில் எட்டு வயதுக்காரன் எண்சுவடி ஒப்பிப்பான். மூத்தவன் ஓலையில் எழுத்தாணியால் கடிதமோ கணக்கோ எழுதிப் பழகுவான். ஒரு சுவடி முடிந்தால் அடுத்த சுவடி. அதை முடிக்க ஆண்டுக் கணக்கு கிடையாது. ஊர்க்கணக்கும் நெல் அளவையும் வீட்டுக் கொடுக்கல் வாங்கலும் பார்க்கத் தெரிந்துவிட்டால் படிப்பு நிறைவுற்றது.

ஆசிரியர் ஒருவர் இத்தனை பேரை நடத்தியது சட்டாம்பிள்ளையின் துணையால். படிப்பில் முன்னேறியவனே சட்டாம்பிள்ளை. அவன் முன்னே சொல்ல, இளையவர்கள் கூட்டாகத் திருப்பிச் சொல்வார்கள். அவர்கள் எழுதியதை முதலில் அவன் பார்ப்பான். பிறகே வாத்தியாரிடம் போகும்.

இவ்வமைப்பில் இரண்டு கூறுகள் பின்னிக் கிடந்தன. ஒன்று, அவரவர் படி: பிள்ளை தன் வேகத்தில் அடுத்த சுவடிக்கு ஏறுவது. மற்றொன்று, மூத்தவர் துணை: சற்றே முன்னால் நிற்பவன் பின்னால் வருபவனுக்குச் சொல்லித் தருவது. பிற்கால முயற்சிகளை எடைபோட இவ்விரண்டும் போதிய அளவுகோல்கள்.

திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாகக் காட்டுவது பொருந்தாது. பெண்பிள்ளைகள் மிக அரிதாகவே அங்கே படித்தனர். தாழ்த்தப்பட்டோர் என ஒதுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கதவடைப்புதான். பிரம்படியும், கயிற்றில் தொங்கவிடும் ‘கோதண்டம்’ போன்ற தண்டனைகளும் இருந்தன. பொருள் விளங்காமல் மனப்பாடம் செய்வதே படிப்பின் பெரும்பகுதி. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் தொடங்கிய கணக்கெடுப்பு, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் ஏறத்தாழ 1,88,000 மாணவர்களும் இருந்ததாகக் காட்டியது. பள்ளி ஒன்றுக்குச் சராசரியாகப் பதினைந்து பேர். பல வயது, ஓர் ஆசிரியர், பதினைந்து பிள்ளைகள் என்பதே அன்றைய பள்ளியின் பொது வடிவம்.

3. எழும்பூரிலிருந்து இலண்டனுக்கு

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் 1753-இல் பிறந்த ஆண்ட்ரூ பெல் 1787-இல் சென்னைக்கு வந்தார். 1789-இல், எழும்பூரில் ஐரோப்பியப் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்காக ஏற்பட்ட இல்லத்தின் பொறுப்பு அவரிடம் வந்தது. அங்கிருந்த உதவி ஆசிரியர்களின் வேலை அவருக்கு நிறைவு தரவில்லை. அக்கம்பக்கத்துப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, தம் இல்லத்திலும் அதைப் புகுத்த முனைந்தார். உதவி ஆசிரியர்கள் ஒத்துழைக்காதபோது, ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் எழுத்து வகுப்பை ஒப்படைத்தார். அவன் அதைச் செவ்வனே நடத்தவே, பிள்ளையே பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் முறை பிற வகுப்புகளுக்கும் பரவியது.

1796-இல் ஊர் திரும்பிய பெல், மறு ஆண்டே இலண்டனில் இச்சோதனையை நூலாக வெளியிட்டார். 1798-இல் இலண்டனில் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டரும் ஏறத்தாழ இதே வழியைக் கையாண்டு, 1803-இல் தம் நூலை எழுதினார். பெரிய கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள். பத்துப் பேருக்கு ஒரு சட்டாம்பிள்ளை. எல்லோருக்கும் மேலே ஓர் ஆசிரியர். தொழிற்சாலைகள் பெருகிய இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு மலிவாக எழுத்தறிவு தர இது தோதாக இருந்தது. ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் பல நாடுகளுக்கும் போனது. செயின்ட் ஆண்ட்ரூஸில் பெல்லின் கொடையால் எழுந்த பள்ளிக்கு இன்றும் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்றே பெயர்.

கடல் கடந்து போனதில் பாதிதான் போய்ச் சேர்ந்தது. மூத்தவர் துணை போயிற்று; அவரவர் படி மங்கிற்று. திண்ணையில் பதினைந்து பேரை வாத்தியார் முகம் பார்த்து நடத்தினார். இலண்டன் கூடத்திலோ மணியோசைக்கும் கட்டளைக்கும் ஏற்பப் பிள்ளைகள் அணி அணியாக இயங்கினர். சட்டாம்பிள்ளைக்குத் தெரிந்ததற்கு மேல் எதுவும் கற்க முடியாது என்ற குறை விரைவில் வெளிப்பட, பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் பெருகப் பெருக அம்முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பின்வாங்கியது.

4. வகுப்பு என்னும் அலகு

சட்டாம்பிள்ளை முறையின் இடத்துக்கு வந்தது வயதை ஒட்டிய வகுப்பு. 1862-இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோவின் திருத்திய கல்வி விதிகள், ஆறு தரங்களாகப் பாடங்களைப் பிரித்து, ஒவ்வொரு பிள்ளையும் தேர்வில் பெறும் வெற்றியைப் பொறுத்துப் பள்ளிக்கு மானியம் என்றன. சென்னை மாகாணத்திலும் அதே நூற்றாண்டில் தேர்ச்சியை ஒட்டிய மானிய முறை நடைமுறைக்கு வந்தது. ஆய்வாளர் வருவார், தரவாரியாகத் தேர்வு வைப்பார், அதற்கேற்பப் பணம் கிடைக்கும். இந்தக் கணக்குக்குள் அடங்கப் பார்த்த திண்ணைப் பள்ளிகள் சிறிது சிறிதாக வகுப்புப் பள்ளிகளாக மாறின. ஓர் ஆண்டு, ஒரு வகுப்பு, ஒரு பாடநூல், ஒரு தேர்வு என்னும் சங்கிலி இறுகியது.

விடுதலைக்குப் பின் கல்வியை ஊர்தோறும் கொண்டுபோக நினைத்தபோது பழைய வடிவம் வேறு வழியில் திரும்பி வந்தது. காமராசர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில், பள்ளியில்லாச் சிற்றூர்களில் ஓராசிரியர் பள்ளிகள் பெருமளவில் திறக்கப்பட்டன. பின்னர் 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி 1987-இல் தொடங்கிய கரும்பலகைத் திட்டம், பள்ளிக்குக் குறைந்தது இரண்டு அறையும் இரண்டு ஆசிரியரும் வேண்டும் என்றது.

ஆயினும் ஒரு முரண் தீரவில்லை. ஆசிரியர் ஒருவர் அல்லது இருவர்; பாடநூலும் பாடவேளை அட்டவணையும் தேர்வும் ஐந்து வகுப்புக்கு ஐந்தாகவே இருந்தன. மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்தும்போது மற்ற வகுப்புகள் ‘எழுதிக்கொண்டிருங்கள்’ என்ற ஒரு சொல்லில் காத்துக் கிடந்தன. பல்வகுப்புப் பள்ளியின் தோல்வி என்று பேசப்படுவதில் பெரும்பங்கு, ஐந்து வகுப்பின் பணியை ஓர் ஆளின் மேல் அடுக்கியதால் வந்தது.

5. மாற்று வழிகள்

மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்திலேயே மூன்று முதல் ஆறு வயது வரையுள்ளவர்கள் சேர்ந்திருந்தனர். 1939-இல் அடையாற்றுக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்திய அவர், போர்க் காலத்தில் 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கினார். அங்கே பல வயதுப் பிள்ளைகள் சேர்ந்த சிறு பள்ளியொன்று, ஆறு முதல் பன்னிரண்டு வயதினருக்கான அவருடைய பாடத்திட்டம் உருவாகும் களமாயிற்று. இலங்கையைச் சேர்ந்த லீனா விக்ரமரத்ன அதில் உடன் உழைத்தார்.

கொலம்பியாவில் 1970-களின் நடுவில் விக்கி கோல்பெர்ட்டும் கிராம ஆசிரியர்களும் ‘எஸ்குவேலா நுவேவா’ (புதிய பள்ளி) என்ற அமைப்பை உருவாக்கினர். ஆசிரியர் வாயால் சொல்லவேண்டிய அறிவுறுத்தல்களைப் பிள்ளையே படித்துச் செய்யும்படி எழுதிய கற்றல் கையேடுகள் அதன் உயிர். அறுவடைக் காலத்தில் வராமல் போன பிள்ளை, திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆண்டை இழக்க வேண்டியதில்லை.

தமிழகத்துக்கு மிக நெருங்கிய ஊற்று, ஆந்திராவின் மதனப்பள்ளி அருகேயுள்ள ரிஷி வேலி. அதன் ஊரகக் கல்வி மையத்தில் பத்மநாப ராவும் ராமாவும் 1980-களில், சுற்றுவட்டாரச் சிற்றூர்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்காக அட்டைகளை உருவாக்கினர். பாடநூல் சிறு சிறு மைல்கற்களாகப் பிரிந்தது. ஒவ்வொரு மைல்கல்லிலும் அறிமுகம், பயிற்சி, மதிப்பீடு, குறைதீர்ப்பு, கூடுதல் கற்றல் என வரிசையாகச் செயல்கள். சுவரில் தொங்கும் ‘கற்றல் ஏணி’யில் தான் நிற்கும் படியைப் பிள்ளையே கண்டு, சின்னத்தைப் பார்த்து உரிய அட்டையை எடுத்துக்கொள்ளும். இதைக் கண்டு திரும்பிய கர்நாடக ஆசிரியர்கள் 1995-இல் மைசூர் மாவட்டம் ஹெக்கடதேவனகோட்டே வட்டத்தில் ‘நலி கலி’யைத் தொடங்கினர்.

சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், 2003-இல் மாநகராட்சியின் 13 பள்ளிகளில் இவ்வழியைச் ‘செயல்வழிக் கற்றல்’ என்ற பெயரில் தொடங்கிவைத்தார். 2007-ஆம் ஆண்டளவில் அது மாநிலத்தின் அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் விரிந்தது. பெஞ்சுகள் போய்ப் பாய்கள் வந்தன. பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பலகை வந்தது. தலைக்கு மேலே கட்டிய கம்பிகளில் பிள்ளைகளின் படைப்புகள் தொங்கின. ஆசிரியரின் முழு உதவி, பகுதி உதவி, சக மாணவரின் முழு உதவி, பகுதி உதவி, தாமே கற்றல், மதிப்பீடு என ஆறு குழுக்கள். பிள்ளையின் இடம் அவளுடைய வகுப்பைப் பொறுத்ததன்று. அன்று அவள் எடுத்த அட்டையைப் பொறுத்தது. திண்ணையில் இருந்த இரண்டு கூறுகளும் இங்கே மீண்டும் ஒன்று கூடின, பிரம்பும் தீட்டும் இன்றி.

2022 ஜூன் மாதம் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் அதே சிந்தனையின் வேறு வடிவம். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாகக் கண்டு, அவற்றுக்கேற்ற பயிற்சி நூல் தருவதாக அது தொடங்கியது.

6. வகுப்பறை இயங்கும் விதம்

பல்வகுப்பு அறையில் ஆசிரியரின் முதன்மையான வளம் நேரம். நாற்பது நிமிடப் பாடவேளையை நான்கு வகுப்புக்குச் சமமாகப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் கிடைக்கும்; எஞ்சிய முப்பது நிமிடம் வீண். அந்த முப்பது நிமிடத்தில் பிள்ளை என்ன செய்கிறது என்பதைத் திட்டமிடுவதே இக்கலையின் பாதி. அதற்கு நான்கு வழிகள் உண்டு.

முதலாவது, பாடங்களை மாற்றி அடுக்குவது. ஆசிரியர் அருகில் இருந்தே தீரவேண்டிய பாடமும் பிள்ளை தானே செய்யும் பாடமும் ஒரே வேளையில் வரவேண்டும். ஒன்று, இரண்டாம் வகுப்பினருக்கு வாய்விட்டுப் படிக்கும் தமிழ் என்றால், மேல் வகுப்பினருக்குக் கணக்குப் பயிற்சியோ ஓவியமோ. இரு பக்கமும் ஓசை எழும் பாடங்களை ஒரே வேளையில் வைத்தால் அறை சந்தைக்கடையாகும்.

இரண்டாவது, ஒரே பொருளைப் பல நிலைகளில் நடத்துவது. ‘வாரச் சந்தை’ என்பதை எடுத்துக்கொண்டால், முதல் பத்து நிமிடம் எல்லோரும் வட்டமாக அமர்ந்து, சந்தையில் கண்டதைச் சொல்வார்கள். பிறகு முதல் வகுப்பினர் புளியங்கொட்டையைத் தக்காளியாக வைத்து இருபது வரை எண்ணுவர். இரண்டாம் வகுப்பினர் இரண்டு பொருளின் விலையைக் கூட்டுவர். மூன்றாம் வகுப்பினர் ஒரு கிலோ விலையிலிருந்து ஐந்து கிலோ விலையைப் பெருக்கிக் காண்பர். நான்காம் வகுப்பினர் கால், அரை, முக்கால் கிலோவைத் தராசில் நிறுப்பர். ஐந்தாம் வகுப்பினர் வாங்கிய விலை, விற்ற விலை எழுதி இலாபம் கணக்கிட்டு ரசீது தயாரிப்பர். இறுதியில் பெரியவர் கடை விரிக்க, சிறியவர் வாங்குவர். ஆசிரியர் தயாரித்தது ஒரு பாடம். பிள்ளைகள் கற்றது ஐந்து. தன் முறைக்குக் காத்திருக்கும் இரண்டாம் வகுப்புப் பிள்ளை தராசைப் பார்த்துக்கொண்டே நிற்பதும் கற்றல்தான். அடுத்த ஆண்டு வரப்போவதை அது முன்கூட்டியே பார்த்துவிடுகிறது. சென்ற ஆண்டு தவறவிட்டதை மூன்றாம் வகுப்புப் பிள்ளை வெட்கமின்றி மறுபடி கேட்கிறது.

மூன்றாவது, சுழற்சி. நான்காம், ஐந்தாம் வகுப்பைச் சேர்த்து, ஓராண்டு முழுவதும் நான்காம் வகுப்புச் சூழ்நிலையியல், மறு ஆண்டு ஐந்தாம் வகுப்புச் சூழ்நிலையியல் என நடத்தலாம். இரண்டு ஆண்டில் இரு நூலும் முடியும். ஒன்றின்மேல் ஒன்றாக ஏறும் கணக்குக்கு இது ஒத்துவராது. கூட்டல் தெரியாமல் பெருக்கலில் இறங்க முடியாது.

நான்காவது, பிள்ளைக்குப் பிள்ளை துணை. ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி (1896–1934), பிள்ளை தனியே செய்யக்கூடியதற்கும் தேர்ந்தவர் துணையோடு செய்யக்கூடியதற்கும் இடையிலுள்ள பரப்பில்தான் கற்றல் நிகழ்கிறது என விளக்கினார். இரண்டு வயது மூத்த அக்காள் அந்தப் பரப்புக்கு மிக அருகில் நிற்பவள். இளைய பிள்ளை எங்கே தடுமாறும் என்பது அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. சொல்லித்தருபவளுக்கும் இதில் ஆதாயம் உண்டு. கடன் வாங்கிக் கழிப்பதை இளையவனுக்கு விளக்கப் புகும்போதுதான், தான் அதைப் புரிந்து செய்தாளா, பழக்கத்தில் செய்தாளா என்பது வெளிப்படும். இதற்குச் சில வரம்புகள் வேண்டும்: விடையைச் சொல்லக் கூடாது, வழியைக் கேட்க வேண்டும், பத்து நிமிடத்துக்கு மிகக் கூடாது, எல்லோருக்கும் முறை வரவேண்டும், பின்தங்கியவனுக்கும் தான் அறிந்ததைச் சொல்லித்தர வாய்ப்பு வேண்டும், அடிக்கவோ அதட்டவோ உரிமை இல்லை. இவ்வரம்புகள் இல்லாத துணை பழைய சட்டாம்பிள்ளையிடமே போய் நிற்கும்.

இவை நான்கும் நடக்க அறையும் ஒத்துழைக்க வேண்டும். வரிசைப் பெஞ்சு உதவாது. பாயோ நகர்த்தும் மேசையோ வேண்டும். அட்டைகள், புத்தகங்கள், எண்ணும் பொருள்கள் பிள்ளை கேட்காமலே எடுத்து, பயன்படுத்தி, திரும்ப வைக்கும் இடத்தில் இருக்க வேண்டும். ‘அடுத்து என்ன செய்ய?’ என்று பிள்ளை கேட்டுவர வேண்டியிராத அறையே நன்கு அமைந்த பல்வகுப்பு அறை.

7. குறைகளும் எல்லைகளும்

அட்டையும் ஏணியும் தாமே கற்பித்துவிடா. கிழிந்த அட்டை மாற்றப்படாவிட்டால் ஏணியில் ஒரு படி முறிந்துபோகும். அட்டையோடு தனித்து உட்கார்ந்த பிள்ளைக்குப் பேச்சும் கதையும் விவாதமும் குறைந்துபோகும். மொழி வளர்ச்சிக்கு அது கேடு. படிகளின் வரிசை இறுகிவிட்டால், முந்தத் துடிக்கும் பிள்ளையும் தேவையற்ற அட்டைகளைக் கடந்தே ஆகவேண்டும். மெதுவாகக் கற்கும் பிள்ளை கீழ்ப்படியிலேயே தங்கிவிட, ‘அவரவர் வேகம்’ என்ற பெயரில் அதன் தேக்கம் கண்ணில் படாமல் போகும் ஆபத்தும் உண்டு. எத்தனை நாளாக எந்தப் படியில் நிற்கிறது என்பதை வாரம் ஒருமுறை பார்க்கும் ஆசிரியரின் பதிவேடு மட்டுமே இதற்குக் காப்பு.

பெற்றோரின் ஐயமும் உண்டு. பாய் விரித்து அட்டை அடுக்கும் பிள்ளையைப் பார்க்கும் தகப்பனுக்கு அது விளையாட்டாகத் தெரிகிறது. வகுப்புக்கு ஓர் அறையும் டை கட்டிய சீருடையும் உள்ள தனியார் பள்ளி படிப்பாகத் தெரிகிறது. பிள்ளைகள் வெளியேற வெளியேறப் பள்ளி மேலும் சுருங்கி, இரண்டு வகுப்பு சேர்ந்த அறை ஐந்து வகுப்பு சேர்ந்த அறையாகிறது.

பள்ளி சிறியதாக இருப்பதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. முப்பது பேர் உள்ள அறையில் குழுக்கள் அமையும். ஐந்தாறு பேரே உள்ள பள்ளியில் குழு என்பதே இல்லை, தன் நிலையில் இருக்கும் இன்னொரு பிள்ளை கிடைப்பதும் அரிது. அத்தகைய பள்ளிகளை இணைப்பதா காப்பதா என்ற கேள்விக்கு இடையிலுள்ள ஓடையும் காடும் சாலையும் பார்த்துத்தான் விடை சொல்ல வேண்டும்.

8. முறை நிலைக்கத் தேவையானவை

முதல் தேவை, ஆசிரியர் பயிற்சி. பயிற்சி நிறுவனத்தில் ஒரு வகுப்பு, ஒரு பாடம், நாற்பது நிமிடம் என்று பாடக்குறிப்பு எழுதிப் பழகியவர், பணியில் சேர்ந்த முதல் நாளே மூன்று வகுப்பின் முன் நிற்கிறார். மாதிரிக் கற்பித்தலின் ஒரு பகுதியை ஈராசிரியர் பள்ளியில் செய்ய வைப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

இரண்டாவது, பாடநூல். வகுப்புவாரியாகப் பிரிந்த நூல்களைப் பொருள்வாரியாக இணைக்கும் வேலையை ஒவ்வோர் ஆசிரியரும் இரவில் தனியே செய்யவேண்டியிருக்கிறது. நூலை எழுதும் இடத்திலேயே அதைச் செய்யலாம். ‘சந்தை’ ஐந்து வகுப்பு நூலிலும் ஒரே மாதத்தில் வந்தால் போதும், பாதிப் பளு இறங்கும்.

மூன்றாவது, பார்வையிடும் முறை. எத்தனை பாடம் முடிந்தது என்று கேட்கும் அலுவலர், ஆசிரியரை மீண்டும் ஐந்து பாடநூலுக்குள் ஓடவிடுகிறார். எந்தப் பிள்ளை சென்ற மாதத்திலிருந்து எத்தனை படி ஏறியது என்று கேட்டால், அறை அதற்கேற்ப ஒழுங்குபடும்.

நான்காவது, ஆள். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்கோ தேர்தல் பணிக்கோ போனால், அன்று அது ஓராசிரியர் பள்ளி. பல்வகுப்பு முறை ஆசிரியரின் திறனைப் பெருக்கும். ஆசிரியரின் இடத்தை அதனால் நிரப்ப முடியாது. லங்காஸ்டரின் கூடத்தில் இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணியதால்தான் மலிவான கல்வி வறண்ட கல்வியாயிற்று. அவரவர் படியும், மூத்தவர் துணையும், இரண்டையும் நாள்தோறும் கண்காணிக்கும் ஓர் ஆசிரியரும் ஒருங்கே அமையும் அறையில், வயது வேறுபாடு இடையூறாக இராது. கற்பிப்பதற்குக் கையில் கிடைத்த கருவியாகவே இருக்கும்.